"மூளையில் தடுப்பு குறைவு" என்று ரிப்போர்ட்: குரல் அறுபடுபவருக்கும் எழுதும்போது கை இழுப்பவருக்கும் இதை வைத்து என்ன செய்வது?

குடியாத்தம்_பேச்சுப்பயிற்சி:

வணக்கம். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்து ஆட்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். எங்கள் மையத்து பிசியோவுக்கும் எனக்கும் சேர்த்தே இந்தக் கேள்வி.

இரண்டு வகை ஆட்கள். முதல் வகை, பேச ஆரம்பித்ததும் வார்த்தை நடுவே குரல் நெரிபட்டு அறுந்துபோகிறவர்கள். பெரும்பாலும் 40 தாண்டிய ஆசிரியைகள். "தொண்டைய யாரோ புடிச்சிக்கினு இருக்கற மாரி இருக்குது" என்பார்கள். சிரித்தால், கொட்டாவி விட்டால், பாட்டு முணுமுணுத்தால் குரல் சுத்தமாக வருகிறது. ஸ்கோப்பில் குரல்நாணில் கட்டி, புண் எதுவும் இல்லை. இரண்டாவது வகை, பத்திரம் எழுதுபவர், கடையில் பில் போடுபவர் போன்றவர்கள். இரண்டு வரி எழுதுவதற்குள் ஆள்காட்டி விரல் மடங்கிப் பேனாவை நசுக்குகிறது, மணிக்கட்டு உள்பக்கம் திரும்புகிறது. அதே கையால் சட்டை பட்டன் போடுகிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள், ஒரு தொந்தரவும் இல்லை.

இப்போது ஒருவர் வெளியூரில் எடுத்த டி.எம்.எஸ். (தலைமேல் காந்தத் துடிப்பு கொடுத்து மூளையைச் சோதிக்கும் முறை) ரிப்போர்ட்டோடு வந்திருக்கிறார். மூளைப் புறணியில் தடுப்பு குறைவு, எஸ்.ஐ.சி.ஐ. குறைவு, சைலன்ட் பீரியட் குறுகல் என்று எழுதியிருக்கிறது. வீட்டார் கேட்பது ஒன்றுதான்: இது நரம்புக் கோளாறா, மனசுக் கோளாறா? அந்தத் தாளை வைத்து "மனசு இல்லை" என்று அடித்துச் சொல்லலாமா? குரல் ஆட்களையும் இந்த டெஸ்டுக்கு அனுப்பலாமா? இந்தக் குரல்களைச் சோதிக்கப் புத்தகத்தில் இருக்கும் வாக்கியங்கள் எல்லாம் இங்கிலீஷ். தமிழில் எதைப் படிக்கச் சொல்வது?


ஈஎம்ஜி_அறை_வேலூர்:

மேடம், முதல் கேள்விக்கு நேர் பதில்: அடித்துச் சொல்ல முடியாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தத் தாளைத் தப்பாகப் படித்தால் நோயாளிக்குத்தான் நஷ்டம்.

ஒரு விரலை அசைக்க மூளை உத்தரவு போடும்போது, பக்கத்து விரல் தசைகளுக்குப் போகும் பாதையை அதே நேரத்தில் அடக்கியும் வைக்கிறது. ஆள்காட்டி விரலை மடக்கும் கணத்தில் சுண்டுவிரல் தசையின் டி.எம்.எஸ். துலங்கல் ஆரோக்கியமானவருக்குச் சிறிதாகும். கை டிஸ்டோனியா (தசை தானாக இறுகி இழுக்கும் கோளாறு) உள்ளவருக்கு அப்படிச் சிறிதாவதில்லை என்று 2004-இல் காட்டினார்கள். ஒரு கட்டையை அழுத்தினால் பக்கத்துக் கட்டைகளும் சேர்ந்து அமுங்கும் ஆர்மோனியம் மாதிரி. குரலிலும் இதே வகைக் கோளாறு என்றுதான் கருதுகிறார்கள்: நாண்களை மூடும் தசை, தேவையான அளவோடு நிற்காமல் இறுகிவிடுகிறது.

ரிப்போர்ட்டில் இருக்கும் இரண்டு அளவுகள் வேறு வேறு. எஸ்.ஐ.சி.ஐ. என்பது ஜோடித் துடிப்பு முறை, 1993-இல் வந்தது. தசையை அசைக்காத அளவுக்குச் சின்னத் துடிப்பு ஒன்று, 2 அல்லது 3 மில்லி செகண்ட் கழித்துப் பெரிய துடிப்பு ஒன்று. முதல் துடிப்பு காபா-ஏ (மூளையின் தடுப்பு வேதிப்பொருளான காபாவுக்குரிய ஒரு ஏற்பி) வழியாக இரண்டாவதை அடக்க வேண்டும். சைலன்ட் பீரியட் என்பது, நோயாளி தசையை லேசாக இறுக்கி வைத்திருக்கும்போது ஒரு துடிப்பு கொடுத்தால் ஈ.எம்.ஜி. (தசையின் மின்பதிவு) எவ்வளவு நேரம் அடங்கிக் கிடக்கிறது என்ற கணக்கு. அதன் பின்பகுதி காபா-பி சார்ந்தது.

1995-இல் எழுதுகை இழுப்பு உள்ளவர்களிடம் எஸ்.ஐ.சி.ஐ. குறைந்திருப்பதைக் கண்டார்கள். ஆனால் இழுக்கும் கைக்கு உரிய மூளைப் பாதியில் மட்டுமல்ல, நல்ல கைக்கு உரிய பாதியிலும் குறைந்திருந்தது. 2003-இல் டி.ஒய்.டி.1 மரபணு மாற்றம் இருந்தும் வாழ்நாளில் டிஸ்டோனியா வராதவர்களைச் சோதித்தபோது அவர்களிடமும் தடுப்பு குறைவு. அதாவது தடுப்பு குறைவு என்பது அடியில் கிடக்கும் ஒரு தன்மை. அது மட்டும் நோயை உண்டாக்கிவிடுவதில்லை.

உங்கள் கேள்விக்கு முக்கியமானது 2006-இல் வந்தது. முன்பு "மனம் சார்ந்தது" என்று சொல்லி, இப்போது செயல்பாட்டு டிஸ்டோனியா என்று அழைக்கிறோமே, அந்த வகையினரிடமும் எஸ்.ஐ.சி.ஐ., சைலன்ட் பீரியட் இரண்டும் இதே போலக் குறைந்திருந்தன. 2009-இல் வேறொரு குழுவும் எஸ்.ஐ.சி.ஐ. விஷயத்தில் அதையே கண்டது. வழக்கமான டிஸ்டோனியாவும் செயல்பாட்டு வகையும் பிரிந்தது, தொடர் தூண்டலுக்கு மூளை எவ்வளவு இளகிக் கொடுக்கிறது என்ற வேறு அளவில். எனவே வீட்டார் கேட்கும் "நரம்பா, மனசா" என்ற கேள்வியை இந்தத் தாளிடம் கேட்பதே தவறு. அந்த முடிவு நேரில் பார்த்து எடுப்பது. திடீரென ஒரே நாளில் தொடங்கியதா, கவனத்தை வேறு பக்கம் திருப்பினால் இழுப்பு மறைகிறதா, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தசை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். செயல்பாட்டு வகை என்றே முடிவானாலும் அது நடிப்பு இல்லை. இதை வீட்டாருக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

ரிப்போர்ட்டை நம்பும் முன் பார்க்க வேண்டியவை சில. ராத்திரி குளோனாசிபாம் (காபாவின் வேலையைக் கூட்டும் மாத்திரை) போட்டிருந்தால் எஸ்.ஐ.சி.ஐ. உண்மையைவிட நன்றாகத் தெரியும். டிஸ்டோனியா ஆட்களில் பலர் கையில் அந்த மாத்திரை இருக்கும், கேட்காமல் சொல்ல மாட்டார்கள். கை ஓய்வில் இருக்க வேண்டிய டெஸ்டில் தசை லேசாக இறுகியிருந்தாலும் தடுப்பு குறைந்ததுபோல் வந்துவிடும். ஈ.எம்.ஜி. ஸ்பீக்கரை ஆன் செய்து, சத்தம் அடங்கிய பிறகே துடிப்பு கொடுக்க வேண்டும். அடங்காத பதிவுகளைத் தள்ள வேண்டும். பெரிய துடிப்பு தனியாகச் சுமார் 1 மில்லிவோல்ட் துலங்கல் தருமாறு வைத்தார்களா, ஒவ்வொரு நிலையிலும் 10-க்குக் குறையாமல் பதிவு எடுத்தார்களா என்று பாருங்கள். முதல் துடிப்பு கொஞ்சம் கூடிப்போனாலும் அடக்குவதற்குப் பதிலாகத் தூண்டிவிடும். சைலன்ட் பீரியட் துடிப்பின் பலத்தோடு நீளும், எங்கிருந்து எங்கே அளப்பது என்பதும் லேபுக்கு லேப் மாறும். அதனால் ஒரு லேப் எண்ணை இன்னொரு லேப் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

நம்ம ஊருக்கென்று ஒன்று: சித்திரை, வைகாசியில் வேலூர் வெயிலில் வந்தவரை உடனே படுக்கவைத்து எலக்ட்ரோடு ஒட்டினால் வேர்வையில் அது நழுவும், அடிக்கோடு அலையும். ஏ.சி. அறையில் அரை மணி உட்காரவைத்து, தோலை ஸ்பிரிட்டில் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். பேஸ்மேக்கர், காக்ளியர் இம்பிளான்ட், மூளையில் உலோகக் கிளிப், வலிப்பு வரலாறு இருந்தால் டி.எம்.எஸ். பக்கமே போக வேண்டாம்.

குரல் ஆட்களை அனுப்பலாமா என்றால், ஆராய்ச்சிக்காக என்றால் சரி, வைத்தியத்தை முடிவு செய்ய என்றால் தேவையில்லை. 2014-இல் மூடும் வகைக் குரல் டிஸ்டோனியா உள்ளவர்களிடம் தாடைத் தசையிலும் கைத் தசையிலும்கூட சைலன்ட் பீரியட் குறுகியிருந்தது. 2016-இல் தசை இறுக்கக் குரல்கோளாறு (டிஸ்டோனியா இல்லாமல் தொண்டைத் தசை இறுகிப் பேசுவது) உள்ளவர்களோடு ஒப்பிட்டபோது இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரிந்தது. ஆர்வமூட்டும் விஷயம், ஆனால் சின்னக் குழுக்கள். தனி ஒருவரை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நிறுத்த இது போதாது. சாதாரண ஈ.எம்.ஜி. மெஷினிலேயே கண்சிமிட்டல் அனிச்சையை ஜோடித் தூண்டலில் பார்க்கலாம். குரல் டிஸ்டோனியாவில் இரண்டாவது தூண்டலுக்கான ஆர்2 (சிமிட்டலின் தாமதமாக வரும் அலை) அடங்க வேண்டிய அளவு அடங்குவதில்லை என்பது 1989-இலேயே தெரியும். அதுவும் துணைச் சான்றுதான்.


குரல்நாண்_மருத்துவர்:

மேடம், தமிழ் வாக்கியம் பற்றி. இங்கிலீஷில் 80-லிருந்து 89 வரை எண்ணச் சொன்னால் மூடும் வகை தடுமாறும், 60-லிருந்து 69 என்றால் திறக்கும் வகை (பேசும்போது நாண்கள் தேவையில்லாமல் திறந்துகொள்வது) தடுமாறும். தமிழில் அப்படியே செய்தால் குழப்பம்தான், "எண்பத்தொன்று" என்பதிலேயே குரலுள்ள ஒலியும் "த்த" என்ற குரலில்லா ஒலியும் கலந்து வருகின்றன. நமக்கு நூறுகள் வசதி: இருநூறு, முந்நூறு, நானூறு, ஐநூறு, அறுநூறு, எழுநூறு, எண்ணூறு. இவற்றில் குரலில்லா ஒலி ஒன்றுகூட இல்லை, நாண்கள் இடைவிடாமல் அதிர வேண்டும். மூடும் வகையில் குரல் இங்கேதான் நெரிபடும். வாக்கியம் என்றால் "ஏழுமலை ஏரி வழியே வேலூர் வருவார்."

திறக்கும் வகைக்கு இரட்டித்த வல்லினம் வேண்டும்: பத்து, எட்டு, முப்பத்தெட்டு, நாற்பத்தெட்டு. வாக்கியம்: "பாட்டி சட்டியைத் தட்டிப் பார்த்தாள்." வல்லினத்திலிருந்து உயிருக்குத் திரும்பும் இடத்தில் காற்று மட்டும் புஸ்ஸென்று வந்து குரல் தாமதமாகும். ஒற்றை க, ட, ப சொல் நடுவில் குரலோடு ஒலிக்கும் என்பதால், எழுத்தைப் பார்த்து வாக்கியம் அமைக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து அமையுங்கள்.

ஒரே வாக்கியத்தை மூன்று விதமாகப் பதிவு செய்யுங்கள்: சாதாரணமாக, கிசுகிசுப்பாக, ராகம் போட்டு. போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், தடவைக்குத் தடவை தூரம் மாறக் கூடாது. டிஸ்டோனியா என்றால் முதலாவதில் அறுபடும், மற்ற இரண்டில் கணிசமாகத் தேறும். தசை இறுக்கக் குரல்கோளாறு என்றால் எல்லா ஒலியிலும் ஒரே மாதிரி இறுக்கம், நல்ல பயிற்சியில் சில வாரங்களிலேயே இளகும். சந்தேகமான ஆட்களுக்கு அந்தச் சில வாரப் பயிற்சியே ஒரு டெஸ்ட். "ஆ" என்று நீட்டச் சொன்னால் சீராக ஆடும் நடுக்கம் கேட்கிறதா என்றும் கவனியுங்கள். நடுக்கமும் சேர்ந்திருந்தால் பாட்டுலினம் ஊசியின் (தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் மருந்து) பலன் குறையும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

மூடும் வகைக்கு இன்று கையில் இருப்பதில் நம்பகமானது பாட்டுலினம் ஊசி. குரல்நாணில் இதை 1984-லிருந்து போடுகிறார்கள். ஈ.எம்.ஜி. ஊசியால், குரல்வளையின் கிரைக்காய்டு வளையத்துக்கும் தைராய்டு குருத்தெலும்புக்கும் நடுவிலுள்ள சவ்வு வழியே, நடுக்கோட்டை ஒட்டி நுழைந்து மேலே, வெளிப்பக்கமாகத் திருப்புவோம். "ஈ" சொல்லச் சொன்னால் ஸ்பீக்கரில் சத்தம் சட்டென எழுந்து, சொல்லி முடிக்கும்வரை நிற்க வேண்டும். எழவில்லை என்றால் ஊசி தசையில் இல்லை, மருந்தைத் தள்ளக் கூடாது. போடாக்ஸ் (பாட்டுலினத்தின் ஒரு பிராண்டு) 100 யூனிட் குப்பியில் 8 மி.லி. சலைன் சேர்த்தால் 0.1 மி.லி.க்கு 1.25 யூனிட். முதல் தடவை பக்கத்துக்கு அந்த அளவோ அதற்குக் குறைவோ போதும். அளவைவிடக் கன அளவு முக்கியம், பக்கத்துக்கு 0.1 மி.லி. தாண்டினால் வீக்கமும் பரவலும் வரும். டிஸ்போர்ட் (இன்னொரு பிராண்டு) யூனிட் வேறு, போடாக்ஸ் யூனிட் வேறு. ஒன்றின் எண்ணை மற்றதற்குப் போடுவது ஆபத்து. சென்னையிலிருந்து மருந்து வரவழைத்தால் 2 முதல் 8 டிகிரிக்குள் ஐஸ் ஜெல்லோடு வர வேண்டும். குப்பியைக் குலுக்காமல் மெதுவாகச் சுழற்றிக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

போட்டு ஓரிரு நாளில் குரல் காற்றாகும். ஒன்றிரண்டு வாரம் அப்படியே இருக்கும், தண்ணீர் குடித்தால் புரையேறும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் வீட்டில் பயந்துபோவார்கள், அடுத்த ஊசிக்கே வர மாட்டார்கள். தாடையை நெஞ்சோடு தாழ்த்தி, சின்னச் சின்ன மடக்காகக் குடிக்கப் பழக்குவது உங்கள் வேலை, ஊசிக்கு முன்பே பழக்கிவிடுங்கள். ஆசிரியை என்றால் பள்ளி லீவு தொடங்கும் வாரத்தில் ஊசி போட்டால் காற்றுக் குரல் காலம் லீவிலேயே கழியும். பலன் சுமார் 3, 4 மாதம்.

திறக்கும் வகைக்கு ஊசி பின்பக்கத் தசையில், ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் தளர்ந்தால் மூச்சுவழி அடைபடும். பலனும் மூடும் வகை அளவுக்கு இருக்காது. மயஸ்தீனியா கிரேவிஸ் (தசை சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய்) உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த ஊசியே வேண்டாம்.

பேசிடேன் (டிஸ்டோனியாவுக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிஃபெனிடில்) மாத்திரையைக் குரலுக்காகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வாய் வறண்டு குரல் இன்னும் கெடுகிறது.


ராணிப்பேட்டை_கைப்பயிற்சி:

கை ஆட்களைப் பற்றி நான் சொல்கிறேன், உங்கள் பிசியோவிடம் காட்டுங்கள்.

முதலில் பந்து அமுக்கும் பயிற்சியை நிறுத்துங்கள். கை இழுக்கிறது என்றதும் எல்லாரும் ஸ்பான்ஜ் பந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். இங்கே பலம் குறையவில்லை, தேவையில்லாத தசை கூடச் சேருகிறது. அமுக்கப் பழக்கினால் அந்தச் சேர்க்கையைத்தான் உறுதிப்படுத்துகிறோம்.

சோதிக்கும்போது நல்ல கையால் எழுதச் சொல்லுங்கள், இழுக்கும் கை மேசைமேல் சும்மா கிடக்கட்டும். நல்ல கை எழுத எழுத இந்தக் கையில் எந்த விரல் தானாக மடங்குகிறதோ, மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அதுதான் மூல இழுப்பு. இழுக்கும் கையாலேயே எழுதும்போது தெரிவதில் பாதி, இழுப்பை எதிர்த்து அவர் பிடிக்கும் பிடி. எதிர்க்கும் தசைக்கு ஊசி போட்டால் கை இன்னும் மோசமாகும். பத்திர எழுத்தர் ஒருவர் மணிக்கட்டை மேலே தூக்கி எழுதுகிறார் என்றால், அது இழுப்பாகவும் இருக்கலாம், மடங்கும் விரல்களிலிருந்து தப்பிக்கும் வழியாகவும் இருக்கலாம். நல்ல கையால் எழுதவைக்கும் இந்தச் சோதனையில்தான் பிரியும். செல்போனில் பக்கவாட்டில் இருந்து 2 நிமிட வீடியோ எடுத்து ஊசி போடும் மருத்துவருக்கு அனுப்புங்கள். தாளில் எழுதும் குறிப்பைவிட அது உதவும்.

மரத்துப்போதல், தசை இளைத்தல் இருந்தால் இது அல்ல. மணிக்கட்டிலோ முழங்கையிலோ கழுத்திலோ நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க நரம்புக் கடத்தல் டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும். 40 வயதுக்குக் கீழே என்றால் வில்சன் நோயை (உடலில் செம்பு சேரும் நோய்) விலக்கியே ஆக வேண்டும்: செருலோபிளாஸ்மின் ரத்த டெஸ்ட், கண்ணில் ஸ்லிட் லேம்ப். வாந்திக்கு மெட்டோக்ளோப்ரமைடு, மனநல மருந்து ஏதும் எடுத்தாரா என்றும் கேளுங்கள், இவற்றாலும் டிஸ்டோனியா வரலாம்.

ஊசி விஷயத்தில் 2007-இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு நல்ல அளவுகோல். மருந்து பெற்றவர்களில் 70 சதவீதம் பேர் தொடர விரும்பினார்கள், மருந்தில்லாத வெறும் ஊசி பெற்றவர்களில் 32 சதவீதம் பேர்தான். அதாவது பலன் உண்டு, ஆனால் எல்லாருக்கும் இல்லை. பலவீனம்தான் பெரிய தொல்லை. விரல் மடக்கும் தசைகளில் அந்தந்த விரலுக்குரிய பகுதியை ஈ.எம்.ஜி. அல்லது ஸ்கேன் பார்த்துப் பிடிக்காவிட்டால் பக்கத்து விரல் தளர்ந்துவிடும். பீடி சுற்றுகிற பெண்களுக்கு விரல் நுனிப் பிடி போனால் அன்றைய கூலியே போகும். அவர்களுக்கு அளவை மிகக் குறைவாகத் தொடங்கச் சொல்லி மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

பயிற்சியில் எனக்கு நம்பிக்கை உள்ளவை: தடித்த பேனா, அல்லது ரப்பர் உறை போட்டு விரல் பருமனுக்கு ஏற்றிய பேனா. பேனாவை ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் இடையே செருகி எழுதுவது. கரும்பலகையில் தோளிலிருந்து பெரிதாக எழுதத் தொடங்கி, வாரத்துக்கு வாரம் எழுத்தைச் சிறிதாக்கித் தாளுக்கு இறங்குவது. இழுப்பு தொடங்கும் அளவு வந்ததும் ஒரு படி பெரிய எழுத்துக்குத் திரும்பிவிட வேண்டும், இழுக்க இழுக்க எழுதக் கூடாது. ண, ழ போல வளைவு அதிகமான எழுத்துகளைக் கடைசியில் வையுங்கள். மறு கைக்கு மாறுவதும் ஒரு வழிதான், ஆனால் சிலருக்கு அந்தக் கைக்கும் இழுப்பு வந்துவிடும் என்பதைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.


குடியாத்தம்_பேச்சுப்பயிற்சி:

மூவருக்கும் மிக்க நன்றி. நூறுகளை இன்றே பதிவு செய்யத் தொடங்குகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். கொஞ்சம் மது குடித்தால் குரல் சரியாகிறது என்று வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள், இதற்கும் காபாவுக்கும் தொடர்பு உண்டா? அந்த டி.எம்.எஸ். எடுத்தவர் ஊசி போட்டு 5 வாரத்தில் எடுத்திருக்கிறார். அது கணக்கில் வருமா?


ஈஎம்ஜி_அறை_வேலூர்:

மதுவுக்கும் காபாவுக்கும் தொடர்பு உண்டு, மது அந்தத் தடுப்பைத் தற்காலிகமாகக் கூட்டுகிறது. மதுவில் தேறும் குரல் ஆட்களிடம் சோடியம் ஆக்சிபேட் என்ற மருந்தைச் சோதித்த ஆய்வும் வந்திருக்கிறது. ஆனால் இது வரலாறு எடுக்கும்போது கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டிய தகவல், அவ்வளவுதான். குடும்பத்தார் இதை வைத்தியமாக எடுத்துக்கொள்ள விடாதீர்கள். நாள் முழுக்கப் பேசுகிறவர் நாள் முழுக்கக் குடிக்க வேண்டிவரும்.

5 வாரத்தில் எடுத்தது கணக்கில் வராது. மருந்து தசையில் வேலை செய்தாலும், தசையிலிருந்து மூளைக்குத் திரும்பும் சமிக்ஞை மாறுவதால் மூளைத் தடுப்பும் சில காலம் மாறுகிறது. கை டிஸ்டோனியாவில் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து எஸ்.ஐ.சி.ஐ. சீரானதுபோல வந்து, 3 மாதத்தில் பழையபடி குறைந்ததை 2000-இல் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் ஆளுக்கு 5 வாரத்திலும் குறைவாகவே வந்திருக்கிறது என்றால், மருந்து சரியான தசைக்குப் போகவில்லை என்றும் இருக்கலாம், அளந்த விதம் பிசகு என்றும் இருக்கலாம். தாளை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. மறுபடி எடுத்தே ஆக வேண்டும் என்றால் அடுத்த ஊசிக்கு முந்தைய வாரத்தில், குளோனாசிபாம் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் அதைப் பற்றிப் பேசிய பிறகு, அதே லேபில் எடுக்கச் சொல்லுங்கள். பணம் கட்டி எடுக்க வேண்டியதாக இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தப் பணம் ஊசிச் செலவுக்கு ஆகும்.